லேசர் கட் விளக்கு, ஆடுற எல்இடி: எங்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

மதுரைல வீட்டு மாடில உக்காந்துதான் நான் இந்தக் குட்டி விளக்கெல்லாம் செய்றேன். ஒரு சாண் உயரம், 3 மிமீ பலகைல கோலம், கோபுரம், பூன்னு லேசர்ல வெட்டி ஒட்டி, உள்ள சுடர் மாதிரி ஆடுற எல்இடி, அம்புட்டுதான். கொலுவுக்கும் கார்த்திகைக்கும் முந்தி ஃபோன் வந்துட்டே இருக்கும், பாதிப் பேரு வாங்க, பாதிப் பேரு எப்படிச் செய்றதுன்னு கேக்க. செய்யக் கேக்குறவங்களுக்குச் சொல்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சுட்டேன்.

அக்கா, ஆரம்பிக்க என்னென்ன வேணும்?

3 மிமீ எம்டிஎஃப் (மரத்தூளும் பசையும் சேத்து அமுக்குன பலகை) இல்லன்னா பிளைவுட், ஃபெவிகால், பட்டர் பேப்பர், ஃப்ளிக்கர் எல்இடி (அதான் அந்த ஆடுற எல்இடி), கரண்ட அடக்க ரெசிஸ்டர், ஸ்விட்சோட பேட்டரி பாக்ஸ், கொஞ்சம் ஒயர், ஒயர ஈயம் வச்சுப் பத்த வைக்க ஒரு சால்டரிங் அயர்ன், பலகைத் தடிமன நுணுக்கமா அளக்க ஒரு வெர்னியர். டிசைன் போட கம்ப்யூட்டர்ல இங்க்ஸ்கேப் இருந்தாப் போதும், அது இலவசம்தான்.

ஆனா இதெல்லாம் வாங்குறதுக்கு முந்தி ஒண்ணு செய்ங்க. பழைய அட்டப்பெட்டி ஒண்ண எடுத்து பேனாக்கத்தியால நாலு ஓட்டை போட்டு, உள்ள ஒரு எல்இடிய பட்டன் செல்லோட சேத்து வச்சு, ராத்திரி ரூம்ல லைட்ட அணைச்சுட்டுப் பாருங்க. எங்க வெளிச்சம் விழுது, எங்க இருட்டு நிக்கிதுன்னு. நாம பலகைய வெட்டல, இருட்டத்தான் வெட்டுறோம். பகல்ல மேசைமேல அம்சமா இருந்த எத்தனையோ டிசைன் ராத்திரி ஏத்துனா ஒண்ணுமே இல்லாமப் போயிருக்கு எனக்கு.

லேசர் மிஷின் சொந்தமா வாங்கணுமா?

வேணவே வேணாம், மொத 10 விளக்காவது வெளிய குடுத்து வெட்டுங்க. கல்யாணப் பத்திரிகை, நேம் போர்டு, ஷீல்டு செய்ற கடை நெறையவே லேசர் வச்சிருக்காங்க, ஃபைல குடுத்தா வெட்டிக் குடுப்பாங்க. வழக்கமா நிமிஷக் கணக்குல காசு, அதனால வெட்டுற கோடு எம்புட்டு நீளமோ அம்புட்டுக் காசு. பொடிப்பொடியா 400 ஓட்டை இருக்குற ஜாலி (வலைச் சன்னல் மாதிரி) டிசைனும் நாலே பெரிய பூ இருக்குற டிசைனும் ஒரே சைசு பலகைதான், பில்லு மட்டும் ஒண்ணா இருக்காது.

வாங்கியே ஆகணும்னா ரெண்டு ஜாதி இருக்கு. டையோடு லேசர், நீல வெளிச்சம், 450 நானோமீட்டர் பக்கம், மேசைல வச்சுக்கலாம், 5 வாட் 10 வாட்ல 3 மிமீ பிளைவுட்ட சில தடவ ஓட்டி வெட்டிரும். ஆனா தெளிவான அக்ரிலிக் அதுக்கு ஆகாது, நீல வெளிச்சம் கண்ணாடில போற மாதிரி உள்ள பூந்து அங்கிட்டுப் போயிரும், வெட்டாது. இன்னொண்ணு சிஓ2 லேசர், 10.6 மைக்ரான், கண்ணுக்கே தெரியாது, 40 வாட் இருந்தாலே 3 மிமீ எம்டிஎஃப்பயும் தெளிவான அக்ரிலிக்கையும் ஒரே ஓட்டத்துல வெட்டும். கடைல இருக்குறது பெரும்பாலும் இதுதான்.

எது வாங்கினாலும் ஓடும்போது பக்கத்தவிட்டு எந்திரிச்சுப் போகாதீங்க, ஒரு நிமிஷத்துல பலகை பத்திக்கிரும். டையோடுக்கு அந்த அலைநீளத்துக்குன்னு சொல்லி விக்கிற ஆரஞ்சு கண்ணாடி போடணும். சிஓ2 மிஷினோட அக்ரிலிக் மூடி அதோட கதிர நிறுத்திரும், அதே மாதிரி தெளிவான மூடி டையோடு லேசர நிறுத்தாது, இந்த வித்தியாசம் தெரியாம நெறையப் பேரு வெறும் கண்ணோட குனிஞ்சு பாக்குறாய்ங்க, பாக்குற எனக்குத்தான் பதறுது.

எம்டிஎஃப்பா பிளைவுட்டா அக்ரிலிக்கா?

பழகுறதுக்கு எம்டிஎஃப். எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்கும், ஒரே மாதிரி வெட்டும், விலையும் கம்மி. பிளைவுட் பாக்க அழகு, ரேகை தெரியும், ஆனா உள்ள பசை கட்டியா இருக்குற எடத்துல லேசர் நின்னுரும், வெட்டி முடிச்சு எடுக்கும்போது ஒரு மூலை மட்டும் வராம ஒட்டிக்கிட்டு நிக்கும், இழுத்தீங்க ஒடஞ்சிரும். கடைக்காரர்கிட்ட பின்பக்கத்தையும் பாத்துட்டு மிஷின் பெட்ல இருந்து எடுக்கச் சொல்லுங்க.

பால் அக்ரிலிக், அதான் ஓப்பல், வெளிச்சத்த பரப்பறதுக்கு ரொம்ப நல்லாருக்கும். ஃபெவிக்விக் மட்டும் அதுல வைக்காதீங்க, ஓரமெல்லாம் வெள்ளையா பூத்துரும்.

வாங்கும்போது 3 மிமீன்னு சொல்லித்தான் குடுப்பாங்க, வீட்டுக்கு வந்து வெர்னியர் வச்சா 2.7ம் இருக்கும் 3.2ம் இருக்கும். அளக்காம டிசைன் போடாதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

எங்க கடைல சன்போர்டு மீதம் கெடக்கு, அதுல வெட்டலாமா?

கூடாது. சன்போர்டுங்கிறது பிவிசி பிளாஸ்டிக். லேசர்ல பிவிசி எரிஞ்சா ஹைட்ரஜன் குளோரைடு வரும், மூச்சுக்குள்ள போனா நுரையீரல அரிக்கும், மிஷினோட கம்பி லென்சு எல்லாம் துருவேறிப் போயிரும். ஃப்ளெக்ஸ், வினைல் ஸ்டிக்கர், ரெக்சின் எல்லாம் இதே கதைதான். வெட்டித்தர்றேன்னு யாரு சொன்னாலும் நீங்க குடுக்காதீங்க.

சிக்குக்கோலம் வெட்டக் குடுத்தேன், நடுவுல இருந்ததெல்லாம் உதிர்ந்து வெறும் ஓட்டையா வந்துருச்சு. என்ன தப்பு?

இந்தக் கேள்விய அதிகமாக் கேக்குறது கோலம் நல்லாப் போடத் தெரிஞ்சவங்கதான். தரைல கோலம் போடும்போது கோடுதான் வெளிச்சம், மாவு வெள்ளை, தரை இருட்டு. அதையே பலகைக்கு அப்படியே கொண்டுவந்து கோட்ட வெட்டி எடுத்தா வெளிச்சம் கோடு வழியா வரும்னு தோணும், தோணுறது சரிதான். ஆனா சிக்குக்கோலம் விட்ட எடத்துல வந்து முடியிற வளைவு. சுத்தி வந்து மூடுன கோட்ட வெட்டுனா அதுக்குள்ள இருக்குறது எதையும் பிடிச்சுக்கிட்டு நிக்காது, பொத்துன்னு விழுந்துரும்.

மூணு வழி இருக்கு. தலைகீழாப் போடுறது ஒண்ணு: கோட்ட 3 மிமீ அகலத்துக்கு மரமா நிறுத்தி வச்சுட்டு, கோட்டுக்கு நடுவுல இருக்குற கட்டத்த எல்லாம் வெட்டி எடுத்துருங்க. கோடு ஒண்ணோட ஒண்ணு வெட்டிக்கிற எடமெல்லாம் சேந்து வலை மாதிரி ஆயிரும், நல்ல பலம். வெளிச்சுத்து வளைவு மட்டும் சட்டத்துல 1 மிமீயாவது ஏறி உக்காந்திருக்கணும், தொட்டுக்கிட்டு நின்னாப் பத்தாது, சும்மா தொடுற எடம் வெட்டும்போது கருகி விட்டுரும். இதுல புள்ளி நிக்காது, ஏன்னா புள்ளி கட்டத்து நடுவுல அந்தரத்துல இருக்கு. வெட்டும்போது விழுற வட்டத்த பொறுக்கி எடுத்து பின்னாடி ஒட்டுற பட்டர் பேப்பர் மேல ஒவ்வொண்ணா ஒட்டிருவேன் நான். 7 புள்ளி ஊடுபுள்ளிக் கோலத்துக்கு 37 வட்டம். பொறுமை வேணும், ஆனா புள்ளி இல்லாத சிக்குக்கோலத்த எங்கம்மா கோலம்னே ஒத்துக்க மாட்டாங்க, எனக்கும் அப்படித்தான்.

இன்னொரு வழி பாலம் விடுறது. கோட்டையே வெட்டுங்க, ஆனா அங்கங்க 2 மிமீ வெட்டாம விட்டுருங்க. கோடு கோட்டுக்கு மேல ஏறிப் போற எடத்துல விட்டா கீழ போற கோடு அறுந்த மாதிரி தெரியும், முடிச்சு போட்ட கயிறு மாதிரியே இருக்கும், ரொம்ப அழகு.

மூணாவதுதான் எனக்கு இப்ப ரொம்பப் பிடிச்சது. கோட்ட வெட்டவே வேணாம், மேலாப்ல பொறிச்சு மட்டும் விட்டுட்டு புள்ளிய 3 மிமீ ஓட்டையா வெட்டிருங்க. பகல்ல கோலம் தெரியும், ராத்திரி புள்ளி மட்டும் மினுங்கும், விடியக்காலைல வாசல்ல மொதல்ல புள்ளி வச்சுட்டு நிமிந்து பாக்குற மாதிரி.

ஈசியா மொத டிசைன் ஒண்ணு சொல்லுங்க.

மல்லிகை மொட்டு. ஒவ்வொரு மொட்டும் தனித்தனி ஓட்டை, உள்ள விழுறதுக்கு எதுவும் கெடையாது. சரம் தொடுத்த மாதிரி எதிரெதிரா சாச்சு அடுக்குனா மதுரை மல்லின்னு யாருக்கும் சொல்லவே வேணாம். மொட்டுக்கும் மொட்டுக்கும் நடுவுல 2 மிமீக்கு கொறையாம மரம் விடுங்க.

மீனாட்சி அம்மன் கோபுரம் கேக்குறாங்க, எப்படி வெட்டுறது?

தெற்குக் கோபுரம் 170 அடிக்கு ஒசரம், உடம்பெல்லாம் சுதைச் சிற்பம். அத ஒரு சாணுக்குள்ள கொண்டுவரணும்னா முக்கால்வாசிய விடத் தெரியணும். சிற்பத்த ஒவ்வொண்ணா வரைஞ்சா லேசர்ல வெறும் கருகலாத்தான் வரும். நான் எடுத்துக்கிறது மூணே விஷயம்: வெளிக்கோட்டோட லேசான உள்வளைவு, ஒவ்வொரு நிலைக்கும் நடுவுல இருக்குற வாசல், உச்சில இருக்குற கலச வரிசை. வாசல் ஓட்டை வழியா வெளிச்சம் வந்தாலே போதும், அது கோபுரம்தான்.

இன்னும் கொஞ்சம் மெனக்கெட முடியும்னா மூணு அடுக்கா வெட்டி நடுவுல 10 மிமீ இடைவெளி விட்டு நிறுத்துங்க. முன்னாடி இருக்குறது கருப்பா, பின்னாடி போகப்போக வெளிச்சமா தெரியும், ஆழம் கெடைக்கும். திருமலை நாயக்கர் மஹால் இதுக்குன்னே கட்டுன மாதிரி. பெரிய தூணு, பெரிய வளைவு, பொடி வேலைக்கு ஆசப்படாம முன்னாடி ஒரு வரிசை வளைவு பின்னாடி ஒரு வரிசை வச்சாலே மாலை நேரத்துல முற்றத்துல நிக்கிற மாதிரி இருக்கும்.

வண்டியூர் தெப்பக்குளத்து மைய மண்டபம் செஞ்சா கீழ ஒரு கருப்பு பளபள அக்ரிலிக் துண்டு வச்சுப் பாருங்க. விளக்கு ஆட ஆட அதுல பிம்பமும் ஆடும், தைப்பூசத்துத் தெப்பத்தன்னிக்கி தண்ணில லைட்டு தெரியிறத பாத்து வளந்தவங்க இத பாத்துட்டு பேச்சே இல்லாம நிப்பாங்க.

தமிழ்ல பேரு வெட்டக் குடுத்தா எழுத்து செதறி வருதே?

ஃபைல எழுத்தா அனுப்பாம வடிவமா மாத்தி அனுப்பணும். இங்க்ஸ்கேப்ல ஆப்ஜெக்ட் டு பாத், கோரல் டிராவுல கன்வர்ட் டு கர்வ்ஸ். அது பண்ணாம அனுப்புனா அந்தக் கம்ப்யூட்டர்ல நம்ம ஃபாண்ட் இல்லாம கொம்பு ஒரு பக்கம் புள்ளி ஒரு பக்கமா போயிரும். எனக்கு ஒரு தடவ ஒரு கல்யாண ஆர்டர்ல பொண்ணு பேர்ல கொம்பு எடம் மாறி வெட்டி வந்துருச்சு, முந்தின நாளு ராத்திரி ஒக்காந்து அழுதுட்டு காலைல திரும்ப வெட்டுனேன்.

இன்னொண்ணு, நம்ம எழுத்துல சுழி இருக்கு. ண, ன, ல, ள, வ எல்லாத்துலயும் சுழிக்குள்ள இருக்குற பொட்டு வெட்டுனதும் விழுந்துரும். விழுந்தா எழுத்து வெறும் பொத்தலாத்தான் தெரியும், மூணு சுழி ணவும் ரெண்டு சுழி னவும் பாக்க ஒண்ணாயிரும். சுழிக்கு ஒரு பாலம் விடுங்க, 1.5 மிமீ போதும்.

பெட்டி மூலை லொடலொடன்னு ஆடுது, இல்லன்னா உள்ள போகவே மாட்டேங்குது.

அதுக்குத்தான் வெர்னியர் வாங்கச் சொன்னேன். லேசர் கோட்டுக்கு ஒரு தடிமன் இருக்கு, 0.15ல இருந்து 0.2 மிமீ வரைக்கும் மரத்த தின்னுரும். நீங்க 3 மிமீ காடி (பல்லு உக்கார்ற வெட்டு) வரைஞ்சா வெட்டி வர்றது 3.2, உள்ள போற பல்லு 20 வரைஞ்சா 19.8. அதனால 3.0 பலகைக்கு காடிய 2.8 வரையணும். பலகை 2.7 இருந்தா 2.5. ஒவ்வொரு மிஷினுக்கும் கொஞ்சம் மாறும், அதனால 2.6, 2.7, 2.8, 2.9ன்னு வரிசையா காடி போட்ட சின்னச் சீப்பு ஒண்ணு மொதல்ல வெட்டச் சொல்லி எது இறுக்கமா உக்காருதுன்னு பாத்துட்டு மீதிய வெட்டுங்க. கையால அழுத்தி உள்ள போகணும், சுத்தியல் தேவப்பட்டா தப்பு. பெட்டி வரையவே கஷ்டமா இருந்தா பாக்சஸ் டாட் பைன்னு ஒரு வெப்சைட் இலவசமா இருக்கு, அளவக் குடுத்தா பல்லோட வரைஞ்சு குடுத்துரும்.

ஃப்ளிக்கர் எல்இடின்னா என்ன, சாதா எல்இடில இருந்து எப்படித் தெரிஞ்சுக்கிறது?

வெளிய பாத்தா ஒண்ணுதான், 5 மிமீ, ரெண்டு காலு, நீளக்காலு பிளஸ், அடில வட்டம் ஒரு பக்கம் தட்டையா இருந்தா அந்தப் பக்கம் மைனஸ். உத்துப் பாத்தா உள்ள ஒளி வர்ற சில்லுக்குப் பக்கத்துல இன்னொரு குட்டிச் சதுரம் தெரியும், அதுதான் ஐசி, சில்லுக்குள்ளயே அடங்குன சர்க்யூட். ஆட்டுறது அதுதான், வெளிய வேற எந்த சர்க்யூட்டும் வேணாம்.

கடைல ஃப்ளிக்கர்னு கேட்டா கலர் மாறுற ஆர்ஜிபி எல்இடிய எடுத்துக் குடுத்துருவாங்க, அது வேற. கேண்டில் ஃப்ளிக்கர், வார்ம் வொயிட் இல்லன்னா மஞ்சள்னு சொல்லிக் கேளுங்க. கெடைக்கலன்னா பிளாஸ்டிக் டீலைட் வாங்கிப் பிரிங்க, உள்ள ஒரு ஃப்ளிக்கர் எல்இடியும் ஒரு பட்டன் செல்லும்தான் இருக்கும், ஸ்விட்சும் சேத்துக் கெடைக்கும்.

வெள்ளைன்னு மட்டும் சொன்னா நீலம் பாஞ்ச வெள்ளை குடுத்துருவாங்க. வெளிச்சத்தோட நெறத்த கெல்வின்ல சொல்வாங்க, கொறஞ்சா மஞ்சள், கூடுனா நீலம்; சுடரோட நெறம் 1900 கெல்வின் கிட்ட, வார்ம் வொயிட்டே 2700, 3000ன்னு கூடத்தான் இருக்கும். அதனால நான் வார்ம் வொயிட் முன்னாடி ஒரு துண்டு மஞ்சள் கலர் ஜிலேடின் பேப்பர் வப்பேன்.

எல்லாம் சொன்னபடி செஞ்சேன், ஆனா நெஜ விளக்கு மாதிரி இல்லையே, ஏதோ டியூப் லைட் கெட்டுப்போன மாதிரி இருக்கு.

இந்தக் கேள்விக்கு பதில் கண்டுபிடிக்க எனக்கே ரெண்டு கார்த்திகை ஆச்சு. ஒரு நாளு கரண்ட் போயி அகல் ஒண்ண ஜாலிப் பலகைக்குப் பின்னாடி வச்சுட்டு செவுத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன். செவுத்துல இருந்த நெழல் அசையுது. அங்கிட்டும் இங்கிட்டும் சாயுது, மேல ஏறி எறங்குது. அப்பத்தான் வெளங்குச்சு. நெஜச் சுடர் கூடிக் கொறையிறது மட்டும் இல்ல, எடமே மாறுது, எடம் மாறுனா நெழலும் மாறும். எல்இடி நட்ட எடத்துல நிக்கிது, கூடிக் கொறையுது, அம்புட்டுதான். நெழல் செவுத்துல ஆணி அடிச்ச மாதிரி நின்னுக்கிட்டு விட்டுவிட்டு எரியிறதால டியூப் லைட் மாதிரி தோணுது.

வழி ரொம்ப சிம்பிள். ஒண்ணுக்குப் பதிலா ரெண்டு ஃப்ளிக்கர் எல்இடி, முடிஞ்சா மூணு, ஒண்ணுக்கொண்ணு 1 செமீ தள்ளி, ஒண்ணு கொஞ்சம் ஒசரமா. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ரெசிஸ்டர். இது கூடும்போது அது கொறையும், நெழலு இங்கிட்டு இருந்து அங்கிட்டு சாயும், கண்ணு அத சுடர் ஆடுதுன்னு எடுத்துக்கும். ஆன் பண்ணுன ஒடனே சிலது ரெண்டும் சேந்தாப்ல ஆடும், விட்டுருங்க, கொஞ்ச நேரத்துல ஒண்ணு முந்தி ஒண்ணு பிந்தி ஆயிரும். கூடவே ஆடாத சாதா மஞ்சள் எல்இடி ஒண்ண மங்கலா கீழ வச்சா அடி வெளிச்சம் நெலையா நிக்கும், முழுசா இருட்டாகி இருட்டாகி வராது. நெஜ சுடரும் அப்படித்தான, திரிகிட்ட எப்பவும் ஒரு வெளிச்சம் இருக்கும்.

அப்ப பட்டர் பேப்பர் ஒட்டணுமா வேணாமா?

என்ன வேணும்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. செவுத்துல நெழல் விழணும்னா ஒட்டாதீங்க. விளக்கே ஒளிரணும், டிசைன் விளக்கு மேலயே தெரியணும்னா ஒட்டுங்க. ரெண்டும் ஒரே பக்கத்துல கெடைக்காது. நான் முன்பக்கம் பேப்பர், பின்பக்கம் திறந்துன்னு வச்சு செவுத்தோரமா வைக்கிற மாதிரி செய்றேன்.

நெழல் கணக்கு ஈசி. எல்இடில இருந்து பலகை 4 செமீ, செவுரு 40 செமீன்னா ஓட்டை செவுத்துல 10 மடங்காத் தெரியும். அதனால நெழலுக்குப் போடுற டிசைன் பொடியா இருந்தாலே போதும். வெளிச்சம் வர்ற எடம் எம்புட்டு சின்னதோ நெழல் ஓரம் அம்புட்டுத் தெளிவு, பால் நெறத்து எல்இடி வச்சா மங்கிரும். தெளிவான எல்இடி வைங்க, ஆனா அது நேரா மேல மட்டும்தான் அடிக்கும், 20, 30 டிகிரிக்குள்ள. தலை தட்டையா இருக்குற ஸ்ட்ரா ஹேட்னு ஒரு வகை இருக்கு, நாலாபக்கமும் பரப்பும், அதுலயும் ஃப்ளிக்கர் வருது, கெடைச்சா விடாதீங்க. பேப்பர் ஒட்டுற விளக்குக்கு இந்தக் கவலை இல்ல, எல்இடி தலைய பொடி உப்புத்தாள்ல நாலு தேய் தேய்ச்சா வெளிச்சம் பரவிரும்.

ரெசிஸ்டர் எத்தனை ஓம் போடணும்?

வர்ற வோல்ட்ல இருந்து எல்இடி வோல்ட்டக் கழிச்சு கரண்டால வகுக்கணும். யூஎஸ்பி 5 வோல்ட், வார்ம் வொயிட்டுக்கு 3 வோல்ட், கரண்ட் 15 மில்லி ஆம்ப்னா 2ஐ 0.015ஆல வகுத்தா 133, கடைல 150 ஓம் கெடைக்கும். சாதா மஞ்சளுக்கு 2 வோல்ட், அப்ப 200, 220 ஓம் போடுங்க. எல்லாத்துக்கும் 220ஏ போட்டாலும் ஒண்ணும் ஆகாது, வெள்ளை கொஞ்சம் மங்கும், விளக்குக்கு மங்கல்தான் நல்லாருக்கு.

மூணு ஏஏ செல்லு போட்டா 4.5 வோல்ட், வார்ம் வொயிட்டுக்கு 100 ஓம். பட்டன் செல்லுல நேராப் போடலாம், அந்தச் செல்லுக்குள்ள இருக்குற தடையே கரண்ட அடக்கிரும்.

பேட்டரி எத்தனை நாள் வரும்?

சிஆர்2032 பட்டன் செல்லுல 220 மில்லி ஆம்ப் அவர் பக்கம்தான் இருக்கு, ரெண்டு மூணு ராத்திரில மங்க ஆரம்பிச்சுரும். ஏஏ அல்கலைன் 2000க்கு கொறையாது, 15 மில்லி ஆம்ப் இழுத்தா கணக்குக்கு 130 மணி நேரம், தெனம் 4 மணி நேரம்னா ஒரு மாசம் ஓடும், கடைசில மங்கலாத்தான். ரெண்டு எல்இடின்னா அதுல பாதி. கொலுவுக்கு ஒம்பது நாளும் எரியணும், அதுக்கு ஏஏதான்.

பவர் பேங்க்ல போட்டா அரை நிமிஷத்துல அணைஞ்சு போகுது, விளக்கு ரிப்பேரா?

விளக்கு நல்லாத்தான் இருக்கு. நெறைய பவர் பேங்க் கரண்ட் ரொம்பக் கம்மியா இழுத்தா ஃபோன் ஃபுல் ஆயிருச்சுன்னு நெனச்சு அணைச்சுக்கிரும். சாதா ஃபோன் சார்ஜர்ல போடுங்க, இல்ல நாலஞ்சு விளக்க ஒரே ஒயர்ல சேத்துப் போடுங்க.

ஆர்டுயினோ கத்துக்கணுமா?

எல்இடிய நம்ம சொல்ற மாதிரி ஆட்ட வைக்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டுதான் ஆர்டுயினோ, கண்டிப்பா வேணும்னு இல்ல. ஆனா ஆட்டம் எப்படி இருக்கணும்னு நம்மளே முடிவு பண்ண ஆசைன்னா ஏடிடைனி85ங்கிற சிப்பு போதும், 8 காலு, நகத்தளவு. மூணு எல்இடிய மூணு கால்ல மாட்டி, 30ல இருந்து 150 மில்லி செகண்டுக்கு ஒரு தடவ ஏதாவது ஒரு அளவுக்கு வெளிச்சத்த மாத்தச் சொல்லுங்க, டக்குன்னு தாவாம கொஞ்சம் கொஞ்சமாப் போகட்டும். நெறையப் பேரு எப்பவும் ஆடிக்கிட்டே இருக்குற மாதிரி புரோகிராம் எழுதிருவாங்க. அகல் விளக்க உத்துப் பாருங்க, காத்தில்லாத ரூம்ல அது ரொம்ப நேரம் அசையாம நிக்கும், யாராவது கதவத் தொறந்தா ஒரு பதறு பதறும், திரும்ப அடங்கும். அந்த அடங்குற நேரத்த எழுதுனாத்தான் உசுரு வரும்.

ஏம்மா, இதுக்குள்ள நெஜமாவே அகல் ஏத்தி வைக்கலாமா?

வைக்கவே கூடாதும்மா. மரத்தூளும் பசையும் சேந்த பலகை அது, மூடுன பெட்டிக்குள்ள சூடு ஏறி மேல் பலகை கருகி பத்திக்கிரும். வாங்குறவங்க எல்லாருக்கும் அடில பொறிச்சே குடுக்குறேன், உள்ள தீ வைக்காதீங்கன்னு.

அகலுக்குப் பதிலா இத வைங்கன்னும் நான் சொல்லல. கார்த்திகைக்கு எங்க வாசல்ல மண் அகல்தான், நல்லெண்ணெதான். இது அகல் வைக்க முடியாத எடத்துக்கு. காத்து அடிக்கிற மாடிக் கைப்பிடிச்சுவரு, ஃப்ளாட்டுல துணி காயிற பால்கனி, ராத்திரி முழுக்க எரியணும்னு ஆசப்படுற ஆஸ்பத்திரி ரூம் ஜன்னல், விளாச்சேரில வாங்குன மண் பொம்மை பட்டுத்துணி மேல வரிசையா இருக்குற கொலுப்படி.

சின்னப் பிள்ளைங்க இருக்குற வீட்டுக்குக் குடுக்கலாமா?

பட்டன் செல் போட்டது குடுக்காதீங்க. 20 மிமீ செல்லு குழந்த முழுங்குனா உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே சதைய அரிக்க ஆரம்பிச்சுரும். முழுங்கிருச்சுன்னு சந்தேகம் வந்தாலே ஒடனே ஆஸ்பத்திரி, விடியட்டும்னு இருக்கக்கூடாது. என் அண்ணன் பொண்ணு ரெண்டு வயசுல ஒரு விளக்கோட அடிய நகத்தால நெம்பித் தொறந்துட்டா, செல்லு கைல இருக்கும்போதே மதினி பாத்துட்டாங்க. அன்னைல இருந்து என் விளக்கு எல்லாத்துக்கும் அடி மூடில ஸ்க்ரூ, செல்லு ஏஏ மட்டும்.

கருகுன வாசம் போகவே மாட்டேங்குது, கைலயும் கரி ஒட்டுது.

வெட்டுறதுக்கு முந்தி மேல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு வெட்டுனா மேல்பக்கம் புகைக்கறை படியாது, அப்புறம் உரிச்சுரலாம். காத்து பலமா ஊதுற மிஷின்ல வெட்டுனா கரி கம்மி. ஓரத்த உப்புத்தாள்ல தேய்க்காதீங்க, அந்தக் கருப்பு ஓரம்தான் அழகு, ஈரத்துணியால தொடச்சு நெழல்ல ரெண்டு நாளு காத்தாட வச்சுட்டு தின்னர் இல்லாத வார்னிஷ் ஒரு கோட் அடிங்க. எம்டிஎஃப் புகை நல்லதில்ல, அதுல ஃபார்மால்டிஹைடு பசை இருக்கு, வீட்டுக்குள்ள வெட்டுறவங்க ஜன்னலுக்கு வெளிய போற மாதிரி குழாய் போட்டே ஆகணும்.

மழைக்காலத்துல பலகை வளைஞ்சுருதே?

ஐப்பசி கார்த்திகைல ஈரம் ஏறி வளையும், அதுவும் பலகைய செவுத்துல சாச்சு வச்சா கண்டிப்பா வளையும். படுக்க வச்சு மேல கனமா ஏதாவது ஏத்தி வைங்க. ஆடி ஆவணி வெயில்லயே வெட்டி ஒட்டி ரெண்டு பக்கமும் வார்னிஷ் அடிச்சு வச்சுட்டா பெட்டியா சேந்ததுக்கு அப்புறம் வளைய வழி இல்ல. ஒரு பக்கம் மட்டும் அடிச்சா அதனாலேயே வளையும்.

வீடியோ எடுத்தா கோடு கோடா வருது, வெளிச்சமெல்லாம் வெள்ளையா வெந்து போகுது.

அந்த ஐசி வெளிச்சத்தக் கூட்டிக் கொறைக்கிறது வேகமா அணைச்சு அணைச்சு ஏத்தித்தான், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஃபோன் கேமராவோட ப்ரோ மோடுல ஷட்டர 1/50க்கு கொண்டுவாங்க, பெரும்பாலும் போயிரும். அப்புறம் வெளிச்சம் விழுந்த செவுத்த விரலால அமுத்திப் பிடிச்சு எக்ஸ்போஷர லாக் பண்ணிட்டு கொஞ்சம் எறக்குங்க, லாக் பண்ணலன்னா விளக்கு மங்கும்போதெல்லாம் ஃபோன் ஏத்திக் காட்டும், ஆட்டமே தெரியாது. ஃபோன கைல பிடிக்காம டம்ளர்ல சாச்சு வைங்க, அப்பத்தான் நெழல் அசையிறது தெரியும்.